வெயில் அடித்தது, பேனல் இருந்தது, ஃபேன் மட்டும் சுற்றவில்லை

கேள்வி: ஐயா, கடலூர் புதுப்பாளையத்தில் சொந்த வீடு. 2024 மே மாதம் மத்திய அரசு மானியத்தில் (78,000 ரூபாய் வந்தது) 3 கிலோவாட் ஆன்கிரிட் சோலார் போட்டோம், 550 வாட் பேனல் ஆறு. பில் நன்றாகக் குறைந்திருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஃபெஞ்சல் புயலில் சனிக்கிழமை ராத்திரி போன கரண்ட் புதன்கிழமைதான் வந்தது. செவ்வாய் மதியம் நல்ல வெயில், மாடியில் பேனல் பளபளக்கிறது, கீழே ஒரு ஃபேன் சுற்றவில்லை. மாமியாருக்கு 82 வயது, படுத்த படுக்கை, காற்றுப் படுக்கையின் மோட்டார் நின்றால் முதுகு புண்ணாகிவிடும். பழைய இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் இருக்கின்றன, ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. சென்னையில் இருக்கும் மகன் ஒரு கம்பெனியில் விசாரித்து 5 கிலோவாட் ஹைப்ரிட், 10 யூனிட் லித்தியம் பேட்டரி, மொத்தம் 3,40,000 என்று கொட்டேஷன் அனுப்பினான். பில்லே வராது என்கிறார்களாம். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பியோ, 4,000 ரூபாய் கொடுங்கள், சோலார் லைனைப் பழைய இன்வெர்ட்டரின் அவுட்புட்டில் சேர்த்துவிடுகிறேன், கரண்ட் போனாலும் பேனல் ஓடும் என்கிறார். எதைச் செய்வது? ஈபியில் அனுமதி வாங்க வேண்டுமா?

— ஓய்வு பெற்ற ஆசிரியை, கடலூர்

பதில்: வணக்கம் டீச்சர்.

முதலில் அந்த 4,000 ரூபாய் யோசனையை முடித்துவிடுவோம், ஏனென்றால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தத் தம்பி ஒயரை எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. வேண்டாம். செய்யவே கூடாது.

உங்கள் வீட்டில் இருப்பது ஆன்கிரிட் இன்வெர்ட்டர். அது தெருவில் வரும் கரண்டைப் பார்த்து, அதன் அலையோடு சேர்ந்து ஓடும். தெருவில் கரண்ட் போனால் இரண்டு விநாடிக்குள் தானாக நின்றுவிட வேண்டும், அப்படித்தான் அதைச் செய்கிறார்கள், அப்படிச் செய்தால்தான் மின்வாரியம் இணைப்பே கொடுக்கும். காரணம், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன். அவர் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறார். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் தெருவுக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, செவ்வாய் மதியம் உங்கள் பேனல் சும்மா இருந்தது கோளாறு இல்லை, அது தன் வேலையைத்தான் செய்தது. வாங்கும்போதே இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும், யாரும் சொல்வதில்லை, அது வேறு விஷயம்.

இப்போது அந்தத் தம்பி சொல்வது, பழைய இன்வெர்ட்டரின் அவுட்புட்டைக் காட்டி "இதோ தெருக் கரண்ட்" என்று சோலாரை ஏமாற்றுவது. ஏமாறும், அதுதான் பிரச்சினையே. சோலார் ஓட ஆரம்பித்து நடுமதியத்தில் இரண்டு கிலோவாட்டைத் தள்ளும். வீட்டில் அந்த நேரம் ஓடுவது இரண்டு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும், சேர்த்தால் 300 வாட். மீதி எங்கே போகும்? தெருவுக்குப் போக வழி இல்லை, பழைய இன்வெர்ட்டருக்குள் பின்பக்கமாக நுழைந்து பேட்டரியில் இறங்கும், எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல். நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு மளிகைக் கடையில் இதே வேலையைச் செய்து, மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். கடைக்குள் நுழையும்போதே அழுகிய முட்டை வாடை. பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் இரண்டும் வயிறு உப்பினாற்போல வெளியே வந்திருந்தன, மூடியைச் சுற்றி ஆசிட் கசிந்து தரையில் சிமெண்ட் நுரைத்த தடம். இன்வெர்ட்டரைத் திறந்தால் கெபாசிட்டர்களின் தலை எல்லாம் பொரி மாதிரி வெடித்திருந்தது. பக்கத்திலேயே மண்ணெண்ணெய் டின் இருந்தது. அவர்கள் நல்ல நேரம், அவ்வளவுதான்.

அடுத்தது மகன் அனுப்பிய கொட்டேஷன். ஹைப்ரிட் என்றால் பேனல், பேட்டரி, தெருக் கரண்ட் மூன்றையும் ஒன்றாகக் கையாளும் இன்வெர்ட்டர். அதில் பொருள் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் "பில்லே வராது" என்ற வார்த்தையைச் சொல்லி விற்கிறார்கள் பாருங்கள், அதைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம். உங்களுக்கு நெட் மீட்டர் இருக்கிறது. பகலில் நீங்கள் பயன்படுத்தாத யூனிட் தெருவுக்குப் போகிறது, ராத்திரி நீங்கள் எடுக்கும் யூனிட்டில் அது கழிக்கப்படுகிறது, மிச்சம் இருந்தால் அடுத்த பில்லுக்குப் போகிறது. அதாவது உங்களிடம் ஏற்கெனவே ஒரு பேட்டரி இருக்கிறது, அதன் பெயர் ஈபி. பத்து யூனிட் கொடுத்தால் பத்து யூனிட்டும் கணக்கில் ஏறும். லித்தியம் பேட்டரியில் பத்து போட்டால் சார்ஜ் ஆகும்போது கொஞ்சம், திரும்ப வீட்டுக் கரண்டாக மாறும்போது கொஞ்சம் என்று போக, கையில் வருவது எட்டரை, ஒன்பது. கொட்டேஷனில் பேட்டரிக்கு மட்டும் 2,10,000 போட்டிருக்கிறார்கள். தினமும் ஒன்பது யூனிட் எடுத்து, 4,000 முறை ஓடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 36,000 யூனிட், யூனிட்டுக்கு ஆறு ரூபாய்க்குப் பக்கத்தில் பேட்டரிச் செலவு மட்டுமே ஆகிறது. ஈபி இதே வேலையைக் கணக்குப் புத்தகத்தில் செய்துகொடுக்கிறது. போதாததற்கு இரண்டு மாத பில்லில் இலவச யூனிட் வேறு. நாளைக்கே வீடுகளுக்கும் பகலுக்கு ஒரு விலை, ராத்திரிக்கு ஒரு விலை என்று வந்தால், அல்லது நெட் மீட்டர் முறையை மாற்றினால், இந்தக் கணக்கு மாறும். இன்றைக்கு, பில்லுக்காகப் பேட்டரி வாங்குவது நஷ்டம். மகனிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் பேட்டரியே வேண்டாமா? உங்கள் வீட்டுக்கு வேண்டும். ஆனால் இருட்டுக்காக, பில்லுக்காக அல்ல. இந்த இரண்டையும் குழப்பினால் அளவு தப்பிவிடும்.

நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது, கரண்ட் எத்தனை நேரம் போகிறது, எத்தனை தடவை போகிறது என்றுதான். கடலூரில் சாதாரண நாளில் போவது அரை மணி, ஒரு மணி, மாதப் பராமரிப்பு என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை. இதற்கு மட்டும் என்றால் உங்கள் பழைய இன்வெர்ட்டருக்கு ஒரு புது டியூபுலர் பேட்டரி போதும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறக்காமல் இருந்தால் நாலைந்து வருடம் ஓடும், பேனலோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் தேவையில்லை. இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இதுதான் பதில், இத்தோடு அவர்கள் படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் நம் ஊருக்கு இன்னொரு வகைக் கரண்ட் கட் உண்டு. 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தபோது கம்பங்களும் கூடவே சாய்ந்தன, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நாற்பது கிலோமீட்டரில் நெய்வேலி, பாதித் தென்னிந்தியாவுக்குக் கரண்ட் அனுப்புகிறது, அதன் சொந்த மாவட்டம் மெழுகுவத்திக்கு வரிசையில் நின்றது. அப்புறம் 2024 ஃபெஞ்சல், புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது, அது போன கையோடு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. தண்ணீர் நிற்கும் இடத்தில் அவர்களே லைனை ஆஃப் செய்துதான் வைப்பார்கள், வேறு வழியில்லை. இந்த மாதிரி நாலு நாளுக்குச் சும்மா ஒரு பேட்டரி போதாது, எவ்வளவு பெரிசு வாங்கினாலும் இரண்டாம் நாள் தீர்ந்துவிடும். பேட்டரி தீர்ந்த பிறகு மாடியிலிருக்கும் பேனல் அதை மறுபடி நிரப்ப வேண்டும். ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்குப் பணம் கொடுப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். மாமியாரை மனதில் வைத்து நானும் அதைத்தான் சொல்கிறேன், ஆனால் 10 யூனிட் அல்ல, 5 யூனிட்.

எப்படி 5 என்று கேட்பீர்கள், நீங்கள் டீச்சர், கணக்கைக் காட்டாமல் விட மாட்டீர்கள். ராத்திரி மூன்று ஃபேன், ஒன்று 75 வாட், பத்து மணி நேரம், ஆக இரண்டேகால் யூனிட். பகலில் இரண்டு ஃபேன் பன்னிரண்டு மணி நேரம், 1.8. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிட். காற்றுப் படுக்கை மோட்டாரை நினைத்துத்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள், அது பத்து வாட்டுக்குள் இழுக்கும் சின்னச் சாமான், நாள் முழுக்க ஓடினாலும் கால் யூனிட் ஆகாது. எல்ஈடி லைட், வைஃபை, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து அரை யூனிட். மொத்தம் ஐந்தே முக்கால் வருகிறது. இதில் நாலு யூனிட் ஃபேன் மட்டுமே, கவனித்தீர்களா? அந்த ஃபேன்களை எடுத்துவிட்டு பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் புது வகை) போடுங்கள், 30 வாட்தான். நாலு யூனிட் ஒன்றரைக்குச் சற்று மேலே வந்து நிற்கும். மூன்று ஃபேனுக்கு ஒன்பது, பத்தாயிரம் ரூபாய் ஆகலாம். ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட் குறைகிறது, அதே இரண்டரை யூனிட்டைப் பேட்டரியாக வாங்கப் போனால் உங்கள் கொட்டேஷன் விலையிலேயே ஐம்பதாயிரத்தைத் தாண்டும். எனக்குக் கமிஷன் வருவது பேட்டரியில்தான், ஃபேனில் அல்ல, இருந்தாலும் முதலில் ஃபேனை மாற்றுங்கள்.

இப்போது மொத்தம் மூன்றேகால் யூனிட். இதோடு யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஹைப்ரிட் இன்வெர்ட்டர் சும்மா விழித்துக்கொண்டிருப்பதற்கே 40, 50 வாட் தின்னும், நாளைக்கு ஒரு யூனிட். ஆக நாலேகால். 51.2 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்பது 5.12 யூனிட், அதில் 90 சதவீதம் எடுத்தால் 4.6, மாற்றும்போது போவது போக நாலு, நாலேகால். ஒரு சொட்டு வெயில் இல்லாமலே ஒரு நாள் தள்ளிவிடலாம். புயல் நாளில் கறுத்த மேகத்துக்குக் கீழேகூட உங்கள் பேனல் இரண்டு யூனிட்டாவது கொடுக்கும், வெயில் திரும்பிவிட்டால் 12 யூனிட், மதியத்துக்குள் பேட்டரி நிரம்பி வழியும். உங்கள் பழைய டியூபுலரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 12 வோல்ட், 150 ஏஎச், 1.8 யூனிட், அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போகும், ஆக 0.9 யூனிட், அதுவும் புதிதாக இருந்தபோது.

10 யூனிட் எதற்கு என்றால் ஏசிக்கு. மகனுக்கு அது தோன்றியிருக்கும், தப்பில்லை. ஆனால் புயலுக்கு மறுநாள் கடலூரில் ஏசி இல்லாமல் தூங்கலாம். அப்படியே வேண்டும் என்றால் அதே மாடலில் இன்னொரு 5 யூனிட்டைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றிரண்டு வருடத்துக்குள் செய்தால் நல்லது, மாடலை நிறுத்திவிடுவார்கள். சுவரில் இடம் மட்டும் விட்டு வையுங்கள்.

தண்ணீர் மோட்டாரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நாலு நாள் கரண்ட் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே அது ஞாபகம் வரும். ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது 1,100 வாட்தான், கிளம்பும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 3 கிலோவாட் ஹைப்ரிட் அதில் மூச்சடைத்து நின்றாலும் நிற்கும். 5 கிலோவாட் வாங்கச் சொல்வதற்கு எனக்கு இருக்கும் ஒரே காரணம் இதுதான். மோட்டாரை மதியம் பன்னிரண்டு மணிக்கு, பேனல் முழுசாக ஓடும்போது போடுங்கள், ராத்திரி பேட்டரியில் போடாதீர்கள்.

ஹைப்ரிட் இருக்கட்டும், இப்போதுள்ள ஒன்றரை, இரண்டு வருட ஆன்கிரிட் இன்வெர்ட்டர் என்ன ஆவது? இரண்டு வழி. ஒன்று, அதை எடுத்துவிட்டுப் பேனல் ஒயரை நேராக ஹைப்ரிட்டில் கொடுப்பது. இன்னொன்று, அதை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் பேட்டரி இன்வெர்ட்டரைச் சேர்ப்பது, ஏசி கப்ளிங் என்பார்கள் (இந்த ஏசி வீட்டுக் கரண்டைக் குறிப்பது, குளிரூட்டி அல்ல). இதில் கரண்ட் போனதும் பேட்டரி இன்வெர்ட்டர் ஒரு அலையை உண்டாக்கும், அதைப் பார்த்து ஆன்கிரிட் ஓடும். பேட்டரி நிரம்பியதும் அலையின் வேகத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மேலே தூக்கும், ஆன்கிரிட் தன்னைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிற்கும். (தெரு எலக்ட்ரீஷியன் சொன்னதும் இதுவும் மேலோட்டமாக ஒன்று போலத்தான் தெரியும். அந்த வேகத்தைத் தூக்கி நிறுத்தச் சொல்லும் மூளை உங்கள் பழைய டியூபுலர் பேட்டரி இன்வெர்ட்டரில் இல்லை, வித்தியாசம் அங்கேதான்.) பத்து கிலோவாட் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. உங்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். மூன்றாம் நாள் ராத்திரி பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஏசி கப்ளிங்கில் காலையில் வெயில் வந்தாலும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் யாராவது அலை கொடுக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கும், அலை கொடுக்க வேண்டிய பேட்டரியோ செத்துக் கிடக்கும். பேனல் நேராக ஹைப்ரிட்டில் இருந்தால், வெயில் ஏறியதும் பேட்டரியை அது எழுப்பிவிடும். எல்லா மாடலும் அப்படி எழுப்பாது. "பேட்டரி முழுசாக இறங்கிய பிறகு, தெருக் கரண்ட் இல்லாமல், பேனலை வைத்து மட்டும் கிளம்புமா" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கழற்றும் இன்வெர்ட்டரை விற்கலாம், வாங்க ஆள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, கடையில் "சோலார் இன்வெர்ட்டர்" என்று சொல்லி வேறு ஒரு சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். உங்கள் ஆறு பேனலும் வரிசையாகக் கோத்திருக்கிறது, ஒன்றுக்கு ஐம்பது வோல்ட் பக்கம், மொத்தம் 300 வோல்ட் டிசி (பேனலும் பேட்டரியும் தரும் வகைக் கரண்ட்) கீழே இறங்குகிறது. பேட்டரியோடு வரும் பல சாதாரண சோலார் இன்வெர்ட்டர்கள் 150 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மாட்டிய அன்றைக்கே போய்விடும். வோல்டேஜைச் சொல்லி வாங்குங்கள்.

இனி ஒயரிங், பணம் எவ்வளவு கொடுத்தாலும் இங்கேதான் இழவு வருகிறது. ஹைப்ரிட்டில் இரண்டு வாய் உண்டு, ஒன்று தெருவுக்கு, இன்னொன்று பேக்கப்புக்கு. பேக்கப் வாய்க்குத் தனியாக ஒரு சின்ன டிபி பாக்ஸ் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வைத்து, ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், மாமியார் அறை பிளக் இவற்றை மட்டும் அதில் கொண்டுவர வேண்டும். கரண்ட் போகும் ஃபேஸ் ஒயரை எல்லாரும் பிரித்துவிடுவார்கள், அது திரும்பி வரும் நியூட்ரலை மறந்துவிடுவார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீடு, நாற்பது வருட ஒயரிங். புது ஹைப்ரிட் மாட்டியதிலிருந்து ஆர்சிசிபி (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் அணைக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கிறது, இன்வெர்ட்டர் சரியில்லை என்று இரண்டு தடவை பெட்டியையே மாற்றியிருக்கிறார்கள். நான் போய் ஹால் சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். உள்ளே கறுப்பு ஒயர் மூன்று ஒன்றாக முறுக்கி, மேலே சுற்றிய டேப் பிசுபிசுவென்று உருகி, அதில் ஒன்று ஹால் ஃபேனுடையது, ஒன்று சமையலறையுடையது, மூன்றாவது சுவருக்குள்ளேயே போய் எங்கோ மறைகிறது. ஃபேனுக்கு ஃபேஸ் புது டிபியிலிருந்து போகிறது, திரும்பி வரும் நியூட்ரலோ சமையலறை வழியாகப் பழைய மெயின் டிபிக்கு. போனது ஒரு வழி, வந்தது வேறு வழி, ஆர்சிசிபி விழாமல் என்ன செய்யும். அதைப் பிரித்து எடுக்க ஒன்றரை நாள் ஆனது. உங்கள் வீடு எத்தனை வருடம் என்று தெரியவில்லை, பழசு என்றால் இன்வெர்ட்டர் மாட்டும் முன்பே நியூட்ரலைத் தேடிப் பிரிக்கும் கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். எர்த்தையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பேட்டரியிலிருந்து வரும் ஒயர் பருமனாக இருக்க வேண்டும். 48 வோல்ட்டில் 5 கிலோவாட் இழுத்தால் நூறு ஆம்பியரைத் தாண்டுகிறது, ஒயர் நுனியில் மாட்டும் லக்கைச் சரியாக அமுக்கி, திருகை முழுசாக முறுக்காவிட்டால் அந்த ஒரு இடம் அடுப்பாகிவிடும். டிசிக்கு என்று உள்ள பிரேக்கரோ ஃபியூஸோ பேட்டரியை ஒட்டியே வேண்டும், வீட்டு டிபியில் இருக்கும் சாதாரண எம்சிபி பிரேக்கரை அங்கே போடுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஒரு மெல்லிய டேட்டா கேபிள் போகும், பேட்டரிக்குள் இருந்து அதைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் அதன் வழியாகத்தான் இன்வெர்ட்டரோடு பேசும். அதை மாட்டாமலே போய்விடுகிறவர்கள் உண்டு, ஓடத்தான் செய்யும், ஆனால் லித்தியத்தின் வோல்டேஜ் நிரம்பியிருக்கும்போதும் பாதி இருக்கும்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் இன்வெர்ட்டர் குத்துமதிப்பாக 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு மாமியார் அறையில் அது நடக்க வேண்டாம்.

எங்கே வைப்பது என்பதில் நம் ஊர் வழக்கம் மாடிப்படிக்கு அடியில். வேண்டாம். தண்ணீர் வந்தால் முதலில் அங்கேதான் வரும், நெருப்பு என்று வந்தால் நீங்கள் இறங்கும் வழியும் அதுதான். மாடி ஷீட் அறையும் வேண்டாம், கத்திரி வெயிலில் அது ஐம்பது டிகிரிக்குப் போகும், லித்தியத்துக்கு 45க்கு மேல் ஆகாது. வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய கோடு சுவரில் இன்னும் தெரிகிறதா? அதற்கு இரண்டடி மேலே, மேற்கு வெயில் படாத உட்சுவரில், படுக்கையறை தவிர்த்து. ஐம்பது கிலோ எடை, செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். கடல் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை உங்களுக்கு, உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூக்கும், வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

பேட்டரியின் பிராண்டை நான் சொல்லப் போவதில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தானா, ஐஇசி 62619 என்ற பேட்டரிப் பாதுகாப்புச் சோதனைச் சான்று இருக்கிறதா, உங்கள் இன்வெர்ட்டர் கம்பெனி வெளியிட்டிருக்கும் பொருத்தமான பேட்டரிப் பட்டியலில் அது இருக்கிறதா, பழுதானால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ ஆள் வருவார்களா, இல்லை ஐம்பது கிலோவை நீங்கள் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, இதைக் கேளுங்கள். பத்து வருட வாரண்டி என்றால் பத்தாவது வருடம் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கும் என்று எழுதியிருக்கும், அந்த வரியைப் படியுங்கள். பழைய ஸ்கூட்டர் செல்களை எடுத்துத் தகரப் பெட்டியில் அடுக்கிப் பாதி விலைக்கு விற்பதும் நடக்கிறது, பெட்டியில் ஸ்டிக்கர் மட்டும் புதிசு.

ஈபி விஷயம். பேட்டரிக்கு மானியம் கிடையாது, மானியம் பேனலுக்குத்தான், அதை வாங்கியாயிற்று. ஆனால் நெட் மீட்டர் விண்ணப்பத்தில் உங்கள் இன்வெர்ட்டரின் விவரம் கொடுத்திருக்கிறீர்கள், அதை மாற்றுகிறீர்கள் என்றால் உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் தெரிவித்து, புது ஹைப்ரிட்டின் சான்றுகளை வைத்து, ஒப்புகை வாங்கிக்கொண்ட பிறகே கை வையுங்கள். பேட்டரியிலிருந்து தெருவுக்குக் கரண்ட் போகாதபடி செட்டிங்கில் பூட்டச் சொல்லுங்கள். (புதுச்சேரி, பாகூர், அரியாங்குப்பம் வாசகர்களுக்கு இதெல்லாம் புதுச்சேரி மின்துறையில்.) மானியத்தில் போட்ட நிறுவனத்துக்கு ஐந்து வருடம் பராமரிப்புப் பொறுப்பு இருக்கிறது, வேறு ஆள் கை வைத்தால் அதையே சாக்காகச் சொல்லித் தப்பிப்பார்கள், ஆகவே அவர்களிடமும் ஒரு கொட்டேஷன் கேளுங்கள். 5 கிலோவாட் ஹைப்ரிட், 5 யூனிட் பேட்டரி, டிபி, ஒயரிங் என்று உங்களுக்கு வந்த அதே விலைகளை வைத்துப் பார்த்தாலே 3,40,000 என்பது 2,35,000க்கு இறங்கிவிடும். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பும்படி மாற்றி வையுங்கள், பல இன்வெர்ட்டரில் போனிலேயே செய்யலாம். காற்று அடிக்கும் நேரத்தில் பேனலின் டிசி சுவிட்சை ஆஃப் செய்துவிடுங்கள். காற்று நின்றதும் மாடிக்குப் போய் கிளாம்ப், ஒயர் எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று கையை வைக்காமல் பார்த்துவிட்டு, பிறகு ஆன் செய்யலாம். தண்ணீர் வீட்டுக்குள் வந்திருந்தால் எதையும் ஆன் செய்ய வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

இப்போதுள்ள ஆன்கிரிட் இன்வெர்ட்டரின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதையும் மெயின் போர்டைத் திறந்தபடியும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், உங்கள் வீட்டுக்கு எந்த ஹைப்ரிட் ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்கிறேன். பழைய டியூபுலரைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஈயத்துக்கு எடை போட்டு எடுப்பார்கள். அப்புறம் அந்த எலக்ட்ரீஷியன் தம்பியைத் திட்டிவிடாதீர்கள் டீச்சர், நியூட்ரல் பிரிக்கும் வேலைக்கு அவரையே கூப்பிடுங்கள், உங்கள் சுவருக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.